கறுப்பு வைரம் போட்ட டிஸ்னி கேசட்டுக்கு லட்சம் கிடைக்குமா?

2 பிப்ரவரி 2025, இரவு 9.40. கேள்வி: கீழக்கரை வாசகர்

வாப்பா துபாயில் இருந்த காலத்தில் கொண்டு வந்த வீடியோ கேசட்டுகள் மாடி அறையில் இரண்டு பெட்டி நிறையக் கிடக்கின்றன. பாதிக்கு மேல் டிஸ்னி பொம்மைப் படங்கள். பெரிய வெள்ளை பிளாஸ்டிக் உறை, சிலவற்றின் முதுகில் கறுப்பு வைரம் அச்சிட்டிருக்கிறது. அந்த வைரம் இருந்தால் ஒரு கேசட்டே லட்சக்கணக்கில் போகும் என்று இணையத்தில் பார்த்தேன். ராமநாதபுரத்தில் பழைய பொருள் வாங்கும் ஒருவர் எல்லாவற்றுக்கும் சேர்த்து 4,000 ரூபாய் தருகிறேன் என்கிறார். ஏமாற்றுகிறாரா? பெயர் அச்சிடாத வெறும் கேசட்டுகளும் கொஞ்சம் உண்டு. அவை அவருக்கு வேண்டாமாம். பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.

2 பிப்ரவரி, இரவு 10.25

வெறும் கேசட்டுகளைப் போடாதீர்கள் காக்கா. மற்றதை அப்புறம் பேசலாம். அவற்றை மட்டும் இன்று இரவே தனியே எடுத்து வையுங்கள். கேசட் ஓட்டும் டெக்கில் போட்டும் பார்க்க வேண்டாம்.

3 பிப்ரவரி, காலை 6.50

சரி, வைரத்துக்கு வருகிறேன்.

டிஸ்னி அமெரிக்காவில் 'தி கிளாசிக்ஸ்' என்று ஒரு கேசட் வரிசை வெளியிட்டது. வைரம் அதன் முத்திரை. 1984 டிசம்பரில் 'ராபின் ஹுட்' படத்தோடு தொடங்கி, 1994இல் 'தி ஃபாக்ஸ் அண்ட் த ஹவுண்ட்' படத்தோடு முடிந்தது. 1990இல் லிட்டில் மெர்மெய்டும் பீட்டர் பேனும், 1991இல் ஜங்கிள் புக், 1992இல் பியூட்டி அண்ட் த பீஸ்ட், 1993இல் அலாதீன் என்று நம் தலைமுறை பார்த்ததெல்லாம் அதற்குள் அடங்கும். இவை எதுவும் அபூர்வம் இல்லை. பியூட்டி அண்ட் த பீஸ்ட் மட்டுமே இரண்டு கோடிக்கு மேல் விற்றது. அங்கே குழந்தை இருந்த வீடுகளில் பெரும்பாலும் ஒரு பிரதி இருந்தது, அந்தக் குழந்தைகள் வளர்ந்ததும் எல்லாம் பழைய பொருள் கடைக்கு வந்தன.

லட்சம் என்ற கதை ஈபே என்ற இணைய விற்பனைத் தளத்தில் பிறக்கிறது. ஒருவர் தன் கேசட்டுக்கு 10,000 டாலர் என்று எழுதி வைப்பார். அது அவர் கேட்கும் விலை, யாரும் கொடுத்த விலை இல்லை. அதைப் படம் எடுத்து ஒரு செய்தித்தளம் போடும், அதைப் பார்த்து இன்னும் நூறு பேர் அதே விலையை எழுதுவார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்தக் கதை புதிதுபோல் கிளம்பும். ஈபேயிலேயே விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதி இருக்கிறது. அதைத் தட்டிப் பாருங்கள். பெரும்பாலான வைரக் கேசட்டுகள் சில டாலருக்கே போயிருக்கும். இங்கிருந்து அனுப்பும் தபால் செலவு அதைவிட அதிகம்.

வரிசையின் தொடக்கம் மட்டும் கொஞ்சம் வேறு. ராபின் ஹுட்டும் 1985இன் பினாக்கியோவும் வந்தபோது ஒரு கேசட் விலை கிட்டத்தட்ட 80 டாலர். வீட்டுக்காரர்கள் அந்த விலைக்கு வாங்க மாட்டார்கள், வாடகைக் கடைகள்தான் வாங்கின. பிறகு விலையை 30 டாலருக்கு இறக்கியபோதுதான் வீடு வீடாகப் போனது. அதனால் அந்த முதல் அச்சுகள், உறை மஞ்சளாகாமல் இருந்தால், சேகரிப்பவர் கூடுதலாகக் கொடுப்பார். அதுவும் லட்சம் இல்லை.

உங்கள் வைரங்கள் என்னென்ன படங்கள் என்று எழுதுங்கள். 4,000 சொன்னவர் கேசட்டுக்கு மட்டும் சொல்லியிருந்தால் அது நியாயமான விலைதான்.

3 பிப்ரவரி, மாலை 5.15

தொண்டிக்காரர் தன்னிடம் வைரம் போட்ட லயன் கிங் இருப்பதாக எழுதியிருக்கிறார். உறையின் முதுகை மறுபடி பாருங்கள் அண்ணே. லயன் கிங் 1995 மார்ச்சில் வந்தது. அதற்குள் அமெரிக்காவில் அந்த வரிசை முடிந்து 'மாஸ்டர்பீஸ் கலெக்ஷன்' தொடங்கிவிட்டது. உண்மையிலேயே வைரம் இருந்தால், அது அமெரிக்க அச்சு இல்லை. நம் பக்கத்தில் அல்லது வளைகுடாவில் யாரோ இரண்டு உறைகளை வெட்டி ஒட்டி அச்சடித்த நகலாக இருக்கலாம். கலர் ஜெராக்ஸ் உறை என்றால் அச்சு ஓரங்களில் மங்கலாக இருக்கும், எழுத்துகளைச் சுற்றிப் புள்ளி தெரியும். லயன் கிங் கேசட் உலகம் முழுக்க மூன்று கோடிக்கு மேல் விற்றது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நகல் என்று கண்டுபிடிக்க இன்னொரு வழி படத்திலேயே இருக்கிறது. ஓடும்போது சில நொடிகளுக்கு ஒருமுறை படம் இருண்டு பிறகு வெளுத்தால், அது, நகல் எடுப்பதைத் தடுக்கும் மேக்ரோவிஷன் பூட்டு உள்ள அசலில் இருந்து டெக்குக்கு டெக் எடுத்த பிரதி. டெக் தானாக வெளிச்சத்தைச் சமன்செய்யும் பகுதியைக் குழப்புவதற்கென்றே அந்தப் பூட்டை வைத்தார்கள். அரண்மனை வாசல் பக்கம் ஒரு வீடியோ லைப்ரரியில் சின்ன வயதில் எடுபிடியாக இருந்தேன். 'படம் மூச்சு விடுதே' என்று வாடிக்கையாளர்கள் திருப்பிக் கொண்டு வருவார்கள்.

4 பிப்ரவரி, காலை 7.05

தேவிபட்டினத்தில் இருந்து ஒரு கேள்வி. ஜங்கிள் புக் 78 நிமிடம் என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறது, என் கேசட் 75 நிமிடத்தில் முடிகிறது, இது வெட்டப்பட்ட பிரதியா, வெட்டியது என்றால் விலை கூடுமா?

ஒரு காட்சியும் போகவில்லை. சினிமா நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்) ஓடும். நம் நாட்டிலும் துபாயிலும் இலங்கையிலும் இங்கிலாந்திலும் இருந்த பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் டிவி நொடிக்கு 25 சட்டகம் காட்டும். கேசட்டுக்கு மாற்றும்போது படத்தை அப்படியே கொஞ்சம் வேகமாக ஓட்டிவிடுவார்கள். நூற்றுக்கு நான்கு பங்கு நேரம் குறையும், குரலும் சற்றுக் கீச்சென்று ஏறும். பாலூவின் பாட்டை முதன்முதலில் டிவிடியில் கேட்டபோது பாடகர் களைத்துப்போய்ப் பாடுகிறார் என்றே எனக்குத் தோன்றியது. என் காதுக்கு அந்தக் கரடியின் குரல் இன்றுவரை கேசட்டில் இருந்த குரல்தான்.

4 பிப்ரவரி, இரவு 9.30

கீழக்கரையில் இருந்து படங்கள் வந்துவிட்டன. வைரம் போட்டவை பீட்டர் பேன், ஜங்கிள் புக், 101 டால்மேஷன்ஸ், அலாதீன். நான்கும் அசல், நான்கும் அமெரிக்க அச்சு. வைரம் போடாதவற்றில் முக்கோணத்துக்குள் யு என்ற எழுத்து இருப்பவை இங்கிலாந்து அச்சு.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்கக் கேசட் என்.டி.எஸ்.சி. என்ற வேறு ஒளிபரப்பு முறை. நம் ஊரில் விற்ற சாதாரண டெக்கில் போட்டால் படம் உருளும், அல்லது நிறம் வராது. ஆனால் வாப்பா இவற்றை உங்களுக்குக் கலரில் போட்டுக் காட்டியிருக்கிறார் என்கிறீர்கள். அப்படியானால் அந்த டெக்கும் துபாயில் வாங்கியதுதான். வளைகுடாவில் பல நாட்டு ஆட்களும் இருப்பதால் அங்கே பல முறைகளையும் ஓட்டும் டெக்குகளை விற்றார்கள். அந்த டெக் இன்னும் வீட்டில் இருக்கிறதா? 4,000 ரூபாய்க்காரர் அதையும் சேர்த்துக் கேட்டாரா?

5 பிப்ரவரி, காலை 6.40

'ஆமாம், டெக்கையும் கேசட்டோடு சேர்த்துத்தான் கேட்டார்' என்று பதில் வந்திருக்கிறது. அப்படியானால் திங்கட்கிழமை நான் எழுதிய கணக்கு இங்கே பொருந்தாது. அவர் கேசட்டை வாங்கவில்லை, டெக்கை வாங்குகிறார்.

உலகத்தில் கடைசியாக இந்த வகைக் கேசட்டை ஓட்டும் வி.எச்.எஸ். டெக் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு புது டெக் ஒன்றுகூட எங்கும் வரவில்லை. ஓடும் நிலையில் உள்ள பல முறை டெக் ஒவ்வொரு ஆண்டும் குறைந்துகொண்டுதான் போகும். உங்கள் வீட்டில் விலை போகக்கூடிய ஒரே பொருள் அதுதான், தேவையும் அதுதான். விற்க வேண்டாம். பெல்ட் தளர்ந்திருக்கலாம், ரப்பர் உருளை கெட்டியாகியிருக்கலாம், இரண்டையும் மாற்றலாம். உள்ளே சுழலும் ஹெட் டிரம்மை மட்டும் விரலால் தொடாதீர்கள், பஞ்சுக் குச்சியும் வேண்டாம், நூல் மாட்டி ஹெட் உடையும்.

5 பிப்ரவரி, மதியம் 2.10

ஜெத்தாவில் இருந்து வந்த கேசட் கறுப்பு வெள்ளையாக ஓடுகிறது, நிறம் அழிந்துவிட்டதா என்று பெரியபட்டினத்துத் தம்பி கேட்கிறார். அழியவில்லை தம்பி. சவுதியில் அப்போது செகாம் என்ற இன்னொரு ஒளிபரப்பு முறை இருந்தது. அங்கே பதிந்த கேசட்டைப் பால் டெக் மட்டும் உள்ள வீட்டில் போட்டால் படம் சுத்தமாக வரும், நிறம் மட்டும் வராது. மெசெகாம் என்று எழுதிய டெக்கில் போட்டால் நிறம் திரும்பிவிடும். நம் பக்கம் எத்தனையோ சபராளி வீடுகளில், அதாவது வெளிநாடு போய்ச் சம்பாதித்தவர்கள் வீடுகளில், இப்படி 'நிறம் போச்சு' என்று நல்ல கேசட்டுகளைத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். நினைத்தாலே வயிறு எரிகிறது.

5 பிப்ரவரி, இரவு 10.50

பூஞ்சையைப் பற்றி எழுதாமல் தூக்கம் வராது.

கேசட்டின் முன்பக்கக் கண்ணாடி வழியாக நாடாச் சுருளைப் பாருங்கள். சுருள் கறுப்பாக, வழவழப்பாக இருக்க வேண்டும். விளிம்பில் வெள்ளைப் பொடியோ சாம்பல் வட்டமோ தெரிந்தால் அது பூஞ்சை. அந்தக் கேசட்டை டெக்கில் போடக்கூடாது. போட்டால் பொடி ஹெட்டில் ஒட்டும், அடுத்து நீங்கள் போடும் எல்லாக் கேசட்டுக்கும் பரவும். நாடாவும் கிழியலாம். நல்ல ஹெட் ஒன்று இப்படி வீணானதை என் வீட்டிலேயே பார்த்துவிட்டேன்.

நம் கரையில் இதற்குத் தப்பிப்பது கடினம். வீடியோ நாடா பாலியஸ்டர் பட்டை, அதன்மேல் இரும்பு ஆக்சைடு தூள், தூளைப் பிடித்து வைக்க ஒரு பசை. ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்தால் ஈரம் அந்தப் பசையை மெல்ல மெல்லப் பிரிக்கிறது. அதற்கு மேல் உப்புக்காற்று. கேசட்டின் அடியில் ஐந்து திருகாணி இருக்கும், உள்ளே சின்ன ஸ்பிரிங் இருக்கும், எங்கள் மண்டபம் ஊரில் அவை எல்லாம் துருப்பிடித்துவிடும். வெளிநாட்டு ஆவணக் காப்பகங்கள் சொல்லும் 20 டிகிரிக்கும் குறைவான குளிரும் 30, 40 சதவீத ஈரப்பதமும் நம் வீடுகளுக்கு நடக்காத காரியம். நடக்கக் கூடியவை இவைதான்: புத்தகம்போல் நிறுத்தி வையுங்கள், படுக்கப் போடாதீர்கள். தரையில் இருந்து உயரத்தில், கடல் பக்கச் சுவரில் ஒட்டாமல் இருக்கட்டும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள், மழைக்காலம் முடிந்ததும் பையை மாற்றுங்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் வேண்டாம். கருவாடு காயப்போடுவதுபோல் மொட்டை மாடி வெயிலில் பரப்பவே வேண்டாம், பிளாஸ்டிக் வளைந்து நாடா நெளிந்துவிடும்.

பூஞ்சை பிடித்தது வேண்டியவருடைய கேசட் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. மூக்கை மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்து, நாடாவை மெதுவாகச் சுற்றவிட்டு உலர்ந்த மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். கூடு மட்டும் கெட்டிருந்தால் ஐந்து திருகாணியையும் கழற்றி, நல்ல கூட்டுக்குச் சுருளை மாற்றலாம். அதற்குத்தான் ஒன்றுக்கும் ஆகாத உடற்பயிற்சி கேசட்டுகளைக்கூட நான் தூக்கிப் போடுவதில்லை.

7 பிப்ரவரி, காலை 8.00

விலை விலை என்றே இழை ஓடுகிறது. அபூர்வம் எங்கே இருக்கிறது என்று கொஞ்சம் பேசலாம்.

2022 ஜூனில் அமெரிக்காவில் ஒரு கேசட் 75,000 டாலருக்கு ஏலம் போனது. 'பேக் டு த ஃப்யூச்சர்' படம், உறை பிரிக்காதது, அதில் நடித்த டாம் வில்சனே வைத்திருந்தது. அதைக் காட்டி எல்லாக் கேசட்டுக்கும் விலை சொல்லக்கூடாது. உங்கள் வாப்பா கேசட்டைப் பிரித்து உங்களுக்குப் போட்டுக் காட்டினார். பிரித்த கேசட்டுக்கு அந்தச் சந்தையில் இடமில்லை. பிரிக்காமல் வைத்திருந்தால் உங்களுக்குக் குழந்தைப் பருவத்தில் மோக்லி கிடைத்திருக்க மாட்டான்.

திரும்பப் பெற்ற கேசட் என்றால் விலை ஏறும் என்பதும் அப்படித்தான். 1999 ஜனவரியில் 'தி ரெஸ்க்யூயர்ஸ்' கேசட்டில் இரண்டு சட்டகங்களில் ஆபாசப் படம் ஒளிந்திருப்பதாக டிஸ்னியே 34 லட்சம் பிரதிகளைத் திரும்பக் கேட்டது. எத்தனையோ பேர் திருப்பித் தரவில்லை. அதனால் இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது.

வேறெங்கும் கிடைக்காத வடிவம் கேசட்டில் மட்டும் இருந்தால், அங்கேதான் நான் நிற்பேன். டிஸ்னியின் 1946ஆம் ஆண்டு 'சாங் ஆஃப் த சவுத்', கறுப்பின மக்களைக் காட்டிய விதத்துக்காக, அமெரிக்காவில் முழுப்படமாக ஒருபோதும் வீட்டு வெளியீடு காணவில்லை. இங்கிலாந்தில் பால் கேசட்டாக வந்தது. ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் 'நௌசிகா' அனிமேஷன் படத்தை அமெரிக்காவில் 1985இல் இருபது நிமிடத்துக்கும் மேல் வெட்டி 'வாரியர்ஸ் ஆஃப் த விண்ட்' என்ற பெயரில் விட்டார்கள். அந்தச் சிதைந்த வடிவத்தை யாரும் மறுபடி வெளியிடப் போவதில்லை, அது எப்படிச் சிதைந்தது என்று பார்க்கவே பழைய கேசட் வேண்டும். அனிமேஷன் கலைஞர் ரிச்சர்ட் வில்லியம்ஸ் பல பத்தாண்டு வரைந்த 'தி தீஃப் அண்ட் த காப்ளர்' அவர் கையில் இருந்து பிடுங்கப்பட்டு வேறு ஆட்களால் முடிக்கப்பட்டது. அவர் வரைந்த முழுமையடையாத பிரதி, நகலின் நகலாகக் கேசட்டில் கைமாறித்தான் அனிமேஷன் ரசிகர்களிடம் உயிரோடு இருந்தது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. அலாதீன் 1992இல் தியேட்டரில் வந்தபோது முதல் பாட்டில் காதை அறுப்பார்கள் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. அரபு அமெரிக்கர்கள் எதிர்த்த பிறகு 1993 கேசட்டில் அந்த வரி மாற்றப்பட்டது. ஆக, பழைய கேசட் என்பதாலேயே அது மூல வடிவம் ஆகிவிடாது.

8 பிப்ரவரி, இரவு 11.20

வெறும் கேசட்டுகளின் படம் வந்தது. ஒன்றில் உருண்டையான கையெழுத்தில் 'சிலோன் டிவி பொம்மைப் படம் 86' என்று பால்பாயின்ட் பேனாவில் எழுதியிருக்கிறது. நான் முதல் இரவே அவசரப்பட்டு எழுதியதன் காரணம் இதுதான்.

1982 பிப்ரவரி 15 அன்று கொழும்பில் இலங்கை அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினி தொடங்கியது. அப்போது நம் கரைக்குச் சென்னைத் தூர்தர்ஷன் எட்டாது. டிவி வாங்கிய வீடுகள் எல்லாம் ஆன்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பின. மண்டபத்தில் எங்கள் வீட்டு ஆன்டெனா முதலில் நேர் கிழக்கே பார்த்து நின்றது, வட இலங்கையின் கொக்காவில் ஒளிபரப்புக் கோபுரத்தை நோக்கி. 1990இல் அந்தக் கோபுரம் போரில் விழுந்தது. பிறகு தென்கிழக்கே திருப்பி, பிதுருதலாகல மலையில் இருந்து வருவதைப் பிடித்தோம். காற்று ஓய்ந்த புழுக்கமான நாட்களில் கடல் மேல் குளிர்ந்த காற்றும் அதன் மேல் சூடான காற்றும் அடுக்காக நிற்கும். சிக்னல் அந்த இடுக்கில் மாட்டி வெகுதூரம் வரும். பெரியவர்கள் 'இன்னிக்கு வலைக்குப் போக வேண்டாம், டிவி நல்லா வரும்' என்று சொன்னதில் உண்மை இருந்தது.

மாலையில் கார்ட்டூன் வரும். முழுக்கச் சிங்களம். டைட்டஸ் தொட்டவத்தை என்ற திரைப்படக்காரர் ரூபவாஹினியில் இருந்துகொண்டு வெளிநாட்டுக் கார்ட்டூன்களுக்குச் சிங்களக் குரலும் பாட்டும் கொடுத்தார். பக்ஸ் பன்னி அங்கே 'ஹா ஹா ஹரி ஹாவா', டாக்டர் டூலிட்டில் 'தொஸ்தர ஹொந்த ஹித்த'. எங்களுக்கு ஒரு சொல் புரியாது. மண்டபம் அகதிகள் முகாமில் இருந்து எங்கள் வீட்டுக்கு டிவி பார்க்க வரும் ஓர் அக்கா கொழும்பில் படித்தவர். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வரிக்கு வரி தமிழில் சொல்லுவார். ஊரை விட்டு ஓடி வந்தவர், துரத்திய கலவரக்காரர்கள் பேசிய அதே மொழியை எங்களுக்காகச் சிரிக்கச் சிரிக்க மாற்றிச் சொன்னார். அப்போது எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. இப்போது அந்தப் பெருந்தன்மையை நினைத்தால் பேச்சு வருவதில்லை.

டிஸ்னி ஜங்கிள் புக்கை நாளைக்கே இதைவிடத் தெளிவாகப் பார்த்துக்கொள்ளலாம். 1986இல் ஒரு மாலை சிங்களக் குரலோடு, நடுவில் வந்த விளம்பரத்தோடு, அறிவிப்பாளர் முகத்தோடு, கடல் தாண்டி வந்த இரைச்சலோடு பதிவானது இந்த ஒரு நாடாவில் மட்டும் இருக்கலாம். கொழும்பில் எனக்கு ஒரு சிங்கள நண்பர் இருக்கிறார், இந்தக் குரல்களின் பழைய பதிவுகளைத் தேடுவதே அவர் வேலை. இக்கரையில் டெக் வைத்திருந்த சபராளி வீடுகளில் அவை கிடக்கலாம் என்று அவரிடம் பல காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

9 பிப்ரவரி, காலை 9.15

'விளம்பரமும் புள்ளியும் இருக்கும் கேசட்டை யார் பார்ப்பார்கள்?' என்று தொண்டிக்காரர் கேட்கிறார். பிலடெல்பியாவில் மரியன் ஸ்டோக்ஸ் என்ற அம்மையார் முப்பது ஆண்டுக்கும் மேல் டிவியை இராப்பகலாகப் பதிந்தார். 2012 இறுதியில் அவர் இறந்தபோது 70,000க்கும் மேல் கேசட்டுகள் இருந்தன. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகம் அத்தனையையும் வாங்கிப் பாதுகாக்கிறது. அவர் பதிந்ததில் பெரும்பகுதி செய்தியும் விளம்பரமும்தான். நீங்கள் வேண்டாம் என்கிற அந்த விளம்பரத்தில் 1986இன் சோப்பு விலை இருக்கும் அண்ணே.

9 பிப்ரவரி, மாலை 6.30

கொஞ்சம் வேறு பேச்சு. போன மாதம் 24ஆம் தேதி 'ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா' தியேட்டருக்கு வந்தது, தமிழ்க் குரலோடும். 1992இல் முடிந்த படம். யூகோ சாக்கோ என்ற ஜப்பானியர் முனைந்து நின்று, நம் ராம் மோகனும் சேர்ந்து இயக்கியது. நாடா கரையும் காலத்தில் இந்தப் படம் சுத்தமாக மீட்கப்பட்டு வந்ததைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. வானரங்கள் கல் சுமந்து கடலில் போடும் காட்சியில் பக்கத்து இருக்கைப் பையன் 'இது நம்ம தனுஷ்கோடி' என்று கத்தினான். டிவியில் வந்த காலத்தில் இதை யாராவது பதிந்து வைத்திருந்தால் அதையும் அழிக்காதீர்கள், குரல் கொடுத்தவர்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறார்கள்.

11 பிப்ரவரி, இரவு 8.45

கீழக்கரைக்கு: சிலோன் டிவி கேசட்டைக் கணினிக்கு மாற்றும் முறை.

கூட்டில் ஈ-180 என்று இருந்தால் மூன்று மணி நேர நாடா. எல்.பி. என்ற பாதி வேகத்தில் பதிந்திருந்தால் ஆறு மணி நேரம் இருக்கும், அப்போது எல்லோரும் நாடாவை மிச்சம் பிடிக்க அப்படித்தான் பதிந்தார்கள். அதனால் எல்.பி. ஓட்டும் டெக் வேண்டும், உங்கள் துபாய் டெக்கில் அந்த வசதி இருக்கிறதா என்று முகப்பில் பாருங்கள். கேசட் முதுகின் இடது ஓரத்தில் ஒரு சின்னத் தாழ் இருக்கும், அது உடைக்கப்படாமல் இருந்தால் முதலில் உடையுங்கள். இல்லையென்றால் ஒரு தவறான பொத்தான் போதும், மேலேயே பதிந்துவிடும்.

ஒரே ஓட்டம்தான் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். முதல் தடவை ஓடும்போதே கணினியில் பதிவாக வேண்டும், சும்மா போட்டுப் பார்ப்பது கூடாது. 720க்கு 576 அளவில், நொடிக்கு 25 சட்டகமாக, வரிகளை ஒன்றுசேர்க்காமல் அப்படியே எடுங்கள். அழகுபடுத்துவதைப் பிறகு பார்க்கலாம். படம் ஆடினால் நடுவில் டைம் பேஸ் கரெக்டர் ஒன்று வைக்க வேண்டும், என்னிடம் இருக்கிறது. விளம்பரத்தை வெட்டாதீர்கள்.

14 பிப்ரவரி, காலை 7.20

4,000 ரூபாய்க்காரரிடம் நேற்று டெக் இல்லாமல், வெறும் கேசட் இல்லாமல் பேசியிருக்கிறார்கள். 1,200 என்று இறங்கிவிட்டாராம். கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம் காக்கா. நான் உங்கள் இடத்தில் இருந்தால் வைரம் போட்ட நான்கையும் பிள்ளைகளுக்கு வைத்துக்கொண்டு மீதியைக் கொடுப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கரெக்டரையும் பெல்ட்டையும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் கீழக்கரை வருகிறேன். '86' என்று எழுதியதை முதலில் எடுப்போம். அதன் கண்ணாடியில் வெள்ளை தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்லுங்கள், தெரிந்தால் துணியும் வேறொரு கூடும் சேர்த்துக் கொண்டு வர வேண்டும். கொழும்பு நண்பரிடம் சொல்லிவிட்டேன், அன்று அவரும் தொலைபேசியில் காத்திருப்பார்.